பெட்டி கண்விழிக்கும் நொடி

பூவிழிக்குப் பயம் கூடப்பிறந்தது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்; தெருமுனை வரை போனபிறகு திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பிய கதையெல்லாம் உண்டு. அவள் கணவர் கலைவாணன் பொறுமைசாலி. "இவளைக் கட்டுனதுக்கப்புறம் எனக்கு இன்சூரன்சே வேணாம்னு விட்டுட்டேன்" என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். பூட்டை இழுப்பதை மட்டும் விடமாட்டாள்.

பிறந்தது கீழப்பழுவூர். அவர்கள் கொல்லையில் (அந்தப் பக்கத்தில் வயற்காட்டை அப்படித்தான் சொல்வார்கள்) பாறையை வெட்டி இறக்கிய கிணறு ஒன்று இருக்கிறது. அவள் அண்ணன் முருகையன் அரைக்கால் சட்டை வயதிலேயே மேலிருந்து அதில் குதிப்பான். இவள் வரப்போடு நின்றுகொண்டு, அவன் தலை தண்ணீருக்கு மேலே தெரிகிறவரை கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அவன் கொல்லையைப் பார்த்துக்கொண்டான், இவள் இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் அந்த நெரிசல் போதும் என்று கணவனும் மனைவியும் பெரம்பலூருக்கு வந்துவிட்டார்கள். துறையூர் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் சின்னக் கம்பெனி ஒன்று நடந்தது. விவசாயி வீட்டிலிருந்தபடியே போனில் மோட்டாரைப் போடவும் அணைக்கவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிற கம்பெனி. அதில் பூவிழிக்கு வேலை கிடைத்தது.

பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும். லினக்ஸின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பெட்டியில் உள்ள ஒவ்வோர் உறுப்போடும் கெர்னல் பேசுவதற்கு டிரைவர் என்ற நிரல் வேண்டும். லைனில் மூன்று பேஸும் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் சென்சார், மோட்டாரைப் போடச்சொல்லும் ரிலே, இந்த இரண்டையும் கவனிக்கும் டிரைவர்தான் பூவிழியின் பொறுப்பு. பழைய டிரைவர் சி என்ற கணினி மொழியில் இருந்தது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

லினக்ஸ் கெர்னலுக்குள் ரஸ்ட் என்ற புது மொழி வந்தபோது கம்பெனியில் முதலில் துள்ளியவள் பூவிழிதான். பயந்தாங்கொள்ளிகளுக்கென்றே யாரோ செய்து கொடுத்த மொழி அது. சி மொழியில் எதை எழுதினாலும் உன் பாடு என்று வாங்கிக்கொள்ளும். தப்பு இருந்தால் ஓடும்போதுதான் முகத்தில் அடிக்கும். ரஸ்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்புகிற ஆபீஸ் மாதிரி, சின்னச் சந்தேகம் வந்தாலும் நிரலைத் திருப்பிவிடும். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். பூவிழிக்கோ, தன்னைவிடப் பயந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பதுபோல நிம்மதியாக இருந்தது.

அவள் அதிகம் பயந்தது பெட்டி கண்விழிக்கும் நேரத்துக்குத்தான். கரண்ட் வந்ததும் டிரைவர் உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பவேண்டும். பாதி எழுப்பிக்கொண்டிருக்கும்போதே சென்சார் குறுக்கே வந்து சேதி சொன்னால், வாங்கிவைக்க இடம் தயாராக இருக்காது. கெர்னல் மொத்தமும் மடங்கிப் படுத்துவிடும். பழைய டிரைவர் அப்படிப் படுத்திருக்கிறது. ரஸ்டில் அதற்கு வழி இருந்தது. உறுப்புகளையெல்லாம் நிரலுக்குள் ஒரே பொருளாகக் கட்டிவிடலாம்; எல்லா அங்கமும் சேர்ந்து முழுதாகும் வரைக்கும் அந்தப் பொருள் பிறக்கவே பிறக்காது. பாதிப் பொருளை யாரும் தொட முடியாது. அந்தப் பகுதியோடு பல வாரம் மல்லுக்கட்டி, ஒருவழியாக, ரஸ்டில் எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்ட நாளில், கம்பெனிக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள்.

புது டிரைவரை மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று. கொல்லையில் ஒரு நிஜக் கிணற்றில் ஓட்டிப் பார்க்கவேண்டும். முன்பின் தெரியாதவர் கொல்லையில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அண்ணன் கொல்லையில் ஏற்கெனவே மாட்டியிருந்த பெட்டிக்கே அனுப்பினாள். இன்டர்நெட் வழியாகப் போய் அது தானே ஏறிக்கொண்டது; அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது வேலையைத் தொடங்கும்.

இங்கே பியூஸ் கட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தில் மோட்டாரும் பம்பும் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டில் இருக்கும்; முன்பெல்லாம் எல்லா மோட்டாருக்கும் ஆட்டோ சுவிட்ச்தான். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதனால் கிணற்றில் இறங்குகிற எவரும் முதலில் கிணற்று மேட்டுக் கொட்டகையில் இருக்கும் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடிப்பில் கட்டிக்கொள்வார். மேலேறி வந்து அவர் கையால் திரும்பச் சொருகினால்தான் உண்டு. முருகையனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான், தங்கையின் பெட்டி வரும்வரைக்கும். பெட்டி வந்ததும் ஆட்டோ சுவிட்சைக் கழற்றி எறிந்தான். போனில் உத்தரவு போட்டால்தான் மோட்டார் ஓடும் என்றானபிறகு பியூஸ் எதற்கு? பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பார்க்கவேண்டும் என்றே கட்டைகளைச் சொருகியபடி விட்டுவிட்டுக் கிணற்றில் இறங்கினான். "எந்தங்கச்சி செஞ்ச பொட்டி. நான் சொல்லாம அது அசையாது" என்பான். பொங்கலுக்குப் போயிருந்தபோது பூவிழி இதைக் கண்ணால் பார்த்தாள். பூட்டை மூன்று முறை இழுக்கிற அந்தப் பூவிழி ஒன்றும் சொல்லவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, வேறென்ன.

புது டிரைவரை அனுப்பிய மறுநாள் காலை கம்பெனியில் செபஸ்டின் பூவிழியின் மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டிருந்தான். வரதராஜன்பேட்டைக்காரன், பெட்டியின் மின்சுற்றெல்லாம் அவன் வேலை. மோட்டாருக்கு நிஜமாகக் கரண்டைச் சேர்த்துவிடும் கனத்த சுவிட்ச் ஒன்று உண்டு, காண்டாக்டர் என்பார்கள். ரிலே அதை ஒருமுறை தொட்டால் போதும், அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். போனிலிருந்து தனியாக அணைக்கும் உத்தரவு வந்தாலோ, சிவப்புப் பட்டனை அமுக்கினாலோதான் விடும். புதுச் சரக்காக வந்திருந்த காண்டாக்டர் சூடாகிறதா என்று பார்க்க, அதைப் பூவிழியின் பெட்டியோடு இணைத்துவிட்டு செபஸ்டின் கரண்டைப் போட்டான்.

டக்.

காண்டாக்டர் இழுத்துக்கொண்டது. அதற்குச் சற்றுப் பிறகுதான், பெட்டி முழுதாகக் கண்விழித்து, "மோட்டார் ஆஃப் நிலையில் உள்ளது" என்று பதிவு செய்த பெண்குரலில் சொன்னது.

"என்னக்கா, ஆஃப்ங்குது, இங்க இழுத்துக்கிட்டு நிக்குது?" என்றான் செபஸ்டின். "நீங்க எதாவது அமுக்குனீங்களா?"

"நான் தொடவேயில்ல. திரும்பப் போடு."

திரும்பவும் டக். மூன்றாம் முறையும் அதே. பூவிழி நிரலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, தொடக்கத்திலேயே இருந்தது. ரிலேவை முதலில் எழுப்பியிருந்தாள், சென்சாரை அடுத்து. சென்சார் பதில் சொன்னபிறகு, கடைசியாக, ரிலேவை அணைந்திரு என்று சொல்லியிருந்தாள். ஆனால் இந்தப் பெட்டியில் ரிலேவின் கம்பியில் மின்சாரம் இல்லாமல் இருந்தால்தான் ரிலே இழுக்கும். எழும் நொடியில் அந்தக் கம்பி வெறுமையாகத்தான் இருக்கும்; எழுப்பும்போதே அணைந்திரு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது இழுத்துக்கொண்டுதான் எழும். பழைய ஆள் அந்த ஒரு வரியை முன்னாலேயே போட்டிருந்தார், ஏன் என்று எங்கும் எழுதிவைக்காமல். வரிசையை மாற்றியவள் பூவிழி. ரஸ்ட் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அதன் கணக்கில் அந்தப் பொருள் இன்னும் பிறக்கவே இல்லை, பாதிப் பொருளை யாரும் தொடவில்லை, எல்லாம் சரி. வெளியே இருக்கிற செம்புக் கம்பி அந்தக் கணக்கையெல்லாம் கேட்டுக்கொண்டா நிற்கும்? மேஜையில் அவள் மோட்டாருக்குப் பதில் ஒரு சின்ன விளக்கைத்தான் வைத்திருந்தாள். கரண்ட் போடும்போதெல்லாம் அது ஒருமுறை மினுக்கியிருக்கிறது. பார்த்திருக்கிறாள். எந்த விளக்குதான் மினுக்காது என்று விட்டிருக்கிறாள்.

அண்ணனுக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. அண்ணி சத்யப்பிரியாவுக்கு அடித்தாள்.

"அண்ணி, அண்ணன் எங்க?"

"கொல்லையிலதான். இன்னிக்கு மாசாமாசம் போடுற ஷட்டவுனுல்ல, காலையிலேருந்து கரண்டு கெடையாது. பம்புல தண்ணி கசியுது, கயிறு மாத்தணும்னு கெணத்துல எறங்கியிருக்காங்க. ஏம்மா, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

பம்பின் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் கயிற்றை மாற்றவேண்டுமென்றால், கொக்கியை விட்டுப் பழசைத் தோண்டி எடுக்கவேண்டும். விரல்கள் தண்டின் மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் மோட்டார் சுற்றினால் கையை இழுத்துக்கொண்டு போகும். கையோடு ஆளையும்.

"அண்ணி, ஓடுங்க. அண்ணன மேல ஏறச் சொல்லுங்க. பம்புல கைய வைக்கக்கூடாது. கரண்டு வந்தா மோட்டாரு தானா ஓடிரும்."

"கரண்டு சாயங்காலந்தானே வரும்..."

"வேல முடிஞ்சா முன்னாடியே உட்டுருவாங்க அண்ணி! ஓடுங்க, போன வைக்காதீங்க!"

ஓடும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், பிறகு செருப்பில்லாத சத்தம், அண்ணியின் மூச்சு. இந்தப் பக்கம் பூவிழி செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பெட்டிக்கு உத்தரவு அனுப்பலாமா என்றால், கரண்ட் இல்லாமல் அது செத்துக் கிடக்கிறது. கரண்ட் வந்து அது டவரைப் பிடித்து உத்தரவைக் கேட்பதற்குள், செய்யவேண்டியதைச் செய்து முடித்திருக்கும். செபஸ்டின் இன்னொரு போனில் கரண்ட் ஆபீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், லைன் கிடைக்கவில்லை. சிறுவயதில் வரப்பில் நின்றதுபோல பூவிழி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க! ஏங்க!" அண்ணி கத்திக்கொண்டே ஓடினாள். பதில் இல்லை. வீட்டுக்கும் கொல்லைக்கும் இடையில் நாலைந்து வயல் இருக்கிறது. "ஏங்க!" மூச்சு இரைத்தது. மக்காச்சோளத் தட்டை சரசரத்தது. அப்புறம் அண்ணி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பூவிழி அதை அதற்கு முன் கேட்டதே இல்லை. கட்டிய நாளிலிருந்து வாயில் வராத புருஷன் பெயரைச் சொல்லி அலறினாள்.

"முருகையா! டேய் முருகையா!"

அந்த அலறலுக்குப் பின்னால், எங்கோ அடியிலிருந்து, ஓர் உறுமல் கிளம்பியது. மோட்டார் சுழல்கிற உறுமல். அண்ணி வீலென்று கத்தினாள். போன் எதிலோ மோதி விழுந்தது. லைன் அறுந்துபோயிற்று.

"அக்கா, வாங்க" என்று செபஸ்டின் பைக் சாவியை எடுத்தான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே செபஸ்டின் பறந்தான். வண்டி நாற்பதைத் தாண்டினாலே முதுகில் குத்துகிற பூவிழி, அன்று "இன்னும் வேகமா போ" என்றாள். ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் அடித்துக்கொண்டே வந்தாள். அண்ணி போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணன் போனும் அப்படியே. ஒவ்வொரு முறை ஓயும்போதும் அவள் கண்ணுக்கு முன்னால் கிணறு வந்தது. ஆண்டவனே, கை போனால் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, ஐயோ, கையைக் கொடுக்க நான் யார் என்று வேண்டியதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். யாரையும் திட்டுவதற்கு வழியில்லை. அந்த வரிசையை எழுதியது இந்த விரல்கள்தான். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதாள். காற்றில் செபஸ்டினுக்குக் கேட்கவில்லை.

அரியலூரை நெருங்கும்போது போன் அடித்தது. அண்ணன் நம்பர். எடுக்கப் பயந்து இரண்டு முறை மணி அடிக்கவிட்டாள்.

"பாப்பா!" முருகையன் குரல்தான். சிரித்துக்கொண்டிருந்தான். "என்னாடி உங்கண்ணிய இப்புடிப் பயமுறுத்தி வச்சிருக்க? போன சோளத்துல போட்டுட்டு ஒக்காந்து அழுவுது. இப்பத்தான் தண்ணி குடுத்து எழுப்புனேன்."

"அண்ணே, கையி? கையி இருக்கா?"

"இருக்குடி. கயிற நோண்டிக்கிட்டுதான் இருந்தேன். இவ ஏங்கன்னு கூப்புட்டது காதுல உழுந்துச்சு, அது தெனம் கூப்புடுறதுதானேன்னு இருந்துட்டேன். திடீர்னு பேரச் சொல்லி, டேய் போட்டுக் கூப்புடுறா! என்னாடா இதுன்னு எழுந்திருச்சு மேல பாக்குறேன், மோட்டாரு ஓடுது. கொக்கி பறந்துபோயி தண்ணிக்குள்ள உழுந்துருச்சு. ஆனா பாத்தியா பாப்பா, நான் கைய எடுத்தப்புறந்தான் போட்டுச்சு. அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டிருந்துச்சு பாரேன். எப்புடி அதுக்குத் தெரியுது?"

பூவிழி பைக்கை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் இறங்கி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். அண்ணன் பிழைத்துவிட்டான். பிழைத்தவன், பெட்டி தன்னைப் பார்த்துக்கொண்டது என்று நம்புகிறான். நாளைக்கும் பியூஸைப் பிடுங்காமல் இறங்குவான், இன்னும் தைரியமாக இறங்குவான். முன்பு இருந்த பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது முருகையன் கொட்டகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அண்ணி, முகம் வீங்கி. பூவிழி நேரே உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு வெளியே வந்து அண்ணன் வலது கையைப் பிடித்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, பொட்டிக்கு ஒண்ணும் தெரியாது. நீ கைய எடுத்ததும் தெரியாது, வச்சதும் தெரியாது. நாந்தான் தப்பா எழுதிட்டேன். கரண்டு வந்தா அது மோட்டாரப் போட்டுட்டுத்தான் கண்ணையே முழிக்குது."

"சும்மா இருடி. லைனுல எதாவது கோளாறா இருக்கும். நீ எழுதுனது தப்பாவுமா?" என்றான் அவன். தங்கையை யாரோ குறை சொல்லிவிட்டதுபோல, அவளிடமிருந்தே அவளுக்குப் பரிந்து பேசினான். "ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். நாலு பேரு கேட்டா என்னான்னு சொல்றது?"

"தங்கச்சி தப்புப் பண்ணிட்டான்னு சொல்லு."

"அதெல்லாம் என் வாயில வராது."

வாதாடிப் பயனில்லை என்று பூவிழிக்குத் தெரிந்தது. செபஸ்டினிடம் மோட்டாருக்குப் போகிற ஒயர்களைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதை அவளே மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கட்டைகளைச் சொருகிவிட்டு, "அண்ணே, உள்ள வா. பொட்டி மேல கைய வச்சுக்கிட்டு நில்லு. கேளு" என்றாள்.

மெயின் சுவிட்சைத் தூக்கினாள்.

டக் என்று இழுத்தது. தகரப் பெட்டி அவன் கைக்குக் கீழே அதிர்ந்தது. பழுவூர் லைனில் அன்று வோல்டேஜ் குறைவு. சென்சார் பதில் சொல்ல மேஜையில் ஆனதைவிட வெகுநேரம் எடுத்தது. எல்லாம் முடிந்தபிறகு பெண்குரல் நிதானமாக, மரியாதையாகச் சொன்னது: "மோட்டார் ஆஃப் நிலையில் உள்ளது."

முருகையன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். எடுத்த கையை மறு கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கிணற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"போன வாரங்கூட எறங்குனேனே பாப்பா" என்றான். "அன்னிக்கும் கட்டையப் புடுங்கல. நீச்சல் பழகணும்னு புள்ளயவேற கூட எறக்கி உட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மேலிருந்து குதித்துத் தண்ணீருக்குள் காணாமல் போய், சிரித்துக்கொண்டே தலையைத் தூக்குகிற முருகையன் பயந்து பூவிழி ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை.